ரிவர்ஸ் மருத்துவரும் பேச்சிழந்த வீரர்களும்

நீலகிரித் தோதவர்களைப் பற்றிப் படிக்கப் புகும் எவரும் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்னும் பெயரைக் கடந்து செல்ல இயலாது. 1901-02இல் அம்மலையில் தங்கி அவர் திரட்டிய செய்திகள் 1906இல் ‘தி தோடாஸ்’ என்ற பெருநூலாயின. மானிடவியலார் நன்கறிந்த இந்த ரிவர்ஸ் அடிப்படையில் ஒரு மருத்துவர். முதல் உலகப்போரின்போது அவர் ஆற்றிய வேறொரு பணியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

போர் தொடங்கிய சில மாதங்களிலேயே, உடலில் காயமேதுமின்றிப் பேச்சிழந்தும் பார்வை மங்கியும் கைகால் நடுங்கியும் பிரித்தானிய வீரர்கள் மருத்துவமனைகளுக்கு வரலாயினர். 1915இல் ‘லான்செட்’ இதழில் சார்லஸ் மையர்ஸ் இந்நிலையை ‘ஷெல் ஷாக்’ என்று குறித்தார். அச்சொல் விரைந்து பரவியதில் வியப்பில்லை. ‘அஞ்சினேன்’ என்று ஓர் ஆண்மகன் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை; குண்டின் மேல் பழியைப் போட்டுவிடலாம். (புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரனை ஆண்டுதோறும் வகுப்பில் போற்றிப் பாடம் நடத்தும் நமக்கு இது விளங்காததன்று.) படைத்தலைமைக்கு அச்சொல் உவப்பாக இல்லை. 1917இல் அதன் பயன்பாட்டுக்குத் தடை வந்தது.

நோயிலும் தகுதிவேற்றுமை பார்க்கப்பட்டது. அதிகாரிகளுக்கு ‘நரம்புத் தளர்ச்சி’, சிப்பாய்களுக்கு ‘ஹிஸ்டீரியா’. லண்டன் குயின் ஸ்கொயர் மருத்துவமனையில் லூயிஸ் யெல்லண்ட், பேச்சிழந்த சிப்பாய்களின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேசவைத்தார். அதனைப் பெருமையோடு நூலாகவும் எழுதினார். சிலருக்கு அந்தச் சிகிச்சைகூடக் கிட்டவில்லை. ஹாரி ஃபார் என்ற சிப்பாய் 1915இல் இந்நோய்க்காகப் பல மாதம் மருத்துவமனையில் கிடந்தவர். 1916 அக்டோபரில் கோழைத்தனக் குற்றத்துக்காகச் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் இறந்த விதத்தை மனைவி தம் மகளிடம்கூட நெடுங்காலம் சொல்லவில்லை. அவரையும் சேர்த்து 306 பேருக்கு மன்னிப்பு வழங்கும் சட்டம் 2006இல்தான் வந்தது.

ரிவர்ஸ் பணியாற்றிய கிரெய்க்லாக்கார்ட், எடின்பரோவை அடுத்த, அதிகாரிகளுக்கு மட்டுமான மருத்துவமனை. கவிஞர்களான சசூனும் ஓவனும் 1917இல் சந்தித்துக்கொண்டது அங்கேதான். வந்தவர்கள் எல்லோரும் ஒரே அறிவுரையைக் கேட்டுவிட்டு வந்திருந்தார்கள்: ‘மறந்துவிடு, வேறெதையாவது நினை.’ பகலில் அது முடிந்தது. இரவில் கனவு விடவில்லை. ரிவர்ஸ் நேர்மாறாக, நினைவை ஒளிக்காமல் பேசச் சொன்னார். அவரோ இளமை முதல் திக்குவாயர். திக்குவாயைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்டிருந்தவர் அவர் தந்தை!

ஓர் அதிகாரி, நண்பனின் சிதறிய உடலைக் கண்டெடுத்தவர்; இரவுதோறும் அவ்வுருவம் கனவில் வந்தது. அவ்வளவு சிதைந்திருந்தால் நண்பன் வலியறியாமல் நொடியில் இறந்திருப்பான் என்பதை ரிவர்ஸ் சுட்டிக்காட்டினார். பின்னரும் கனவு வந்தது. இம்முறை அதில் அச்சம் இல்லை. நண்பனின் உடைமைகளைக் குடும்பத்தாருக்காக எடுத்துவைத்தபடி, அழுதுகொண்டே விழித்தார். அழுகையைக் குணமாதலின் குறியாக ஒரு படைமருத்துவர் எழுதிவைத்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆயினும் குணமானவர் திரும்பவேண்டிய இடம் போர்க்களமே. ரிவர்ஸை உறுத்திய முரண் இது. ஓவன் திரும்பிச் சென்று, போர் முடிய ஒரு வாரம் இருக்கையில், 1918 நவம்பர் 4 அன்று மாண்டார்.

1917 டிசம்பரில் மருத்துவர் அவையில் படித்த கட்டுரையில் தம் தோல்வியையும் ரிவர்ஸ் மறைக்கவில்லை. வெடிப்பில் தூக்கியெறியப்பட்டு, பல நாளான பிணமொன்றின் வயிற்றுக்குள் முகம் புதைய விழுந்தவர் ஒருவர். அந்நினைவில் பற்றிக்கொள்ள ஆறுதலான கூறு ஒன்றும் ரிவர்ஸுக்குத் தென்படவில்லை. அவரிடம் மேலும் பேசச் சொல்லவில்லை. படையிலிருந்து விடுவித்து, முன்பு அவருக்கு அமைதி தந்த நாட்டுப்புறத்துக்கே அனுப்பிவைத்தார்.