பாட்டில் கணக்கிலிருந்து பன்னாட்டு விதி வரை: வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீட்டின் வரலாறு

ஒரு பொருளால் சுற்றுச்சூழலுக்கு நேரும் கேட்டை, அதன் மூலப்பொருள் மண்ணிலிருந்து எடுக்கப்படுவது முதல் உற்பத்தி, போக்குவரத்து, பயன்பாடு ஆகியவற்றைக் கடந்து அது குப்பையாகக் கழிவது வரை ஒருசேரக் கணக்கிடும் முறையே வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு. இம்முறை வணிகத் தேவையொன்றில் பிறந்தது. அதன் விதிகளோ வணிகப் பூசல்களால் வடிவம் பெற்றன.

1969இல் கோகோ கோலா நிறுவனம், தன் பானத்தை எவ்வகைக் கலனில் அடைப்பது என்பதை ஆராய, அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியிலிருந்த மிட்வெஸ்ட் ஆய்வு நிறுவனத்தை அமர்த்தியது. அந்த ஆய்வு முழுமையாக வெளியிடப்படவில்லை. எனினும் அதே நிறுவனம் ஒன்பது வகைக் கலன்களை ஒப்பிட்டு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்காகச் செய்த ஆய்வு 1974இல் வெளிவந்தது. இத்தகைய ஒப்பீட்டில் ஒரு பாட்டிலை ஒரு டப்பாவோடு நேருக்கு நேர் நிறுத்துவதில் பொருளில்லை. குறிப்பிட்ட அளவு பானம் நுகர்வோரைச் சென்றடைய ஒவ்வொரு வகையிலும் என்ன செலவாகிறது என்றே பார்க்க வேண்டும். இவ்வாறு ஒப்பீட்டுக்கு அடிப்படையாகும் பயனளவைச் செயல்பாட்டு அலகு என்பர். திரும்பப் பெறும் கண்ணாடிப் பாட்டில் கனமானது. மணலையும் சோடா உப்பையும் சுண்ணாம்புக்கல்லையும் உருக்க உலை எரிய வேண்டும், காலிப் பாட்டில்களை லாரியில் திருப்பிக் கொண்டுவந்து சூடான காரக் கரைசலில் கழுவவும் வேண்டும். உலையின் சுமை பாட்டில் எத்தனை முறை நிரப்பப்படுகிறதோ அத்தனை பங்காகப் பிரிவதால், அந்த எண்ணிக்கையைப் பற்றிய அனுமானமே பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்தது.

1973இன் எண்ணெய் நெருக்கடி ஆய்வாளர்களின் கவனத்தை ஆற்றல் கணக்கின்மீது திருப்பியது. சுவிட்சர்லாந்தில் 1984இல் வெளியான பொதிப்பொருள் ஆய்வு, வெளியேறும் மாசைச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு நீர்க்கச்செய்ய எவ்வளவு காற்றும் நீரும் தேவை என்று கணக்கிட்டு, பலவகை மாசுகளையும் ஒரே அளவுகோலால் அளக்க முயன்றது.

1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் குழந்தைகளின் டயாப்பர் குறித்துப் பூசல் எழுந்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் டயாப்பரைத் தயாரிப்போர் பணித்த ஆய்வு அதற்கும், துணி டயாப்பர்களைச் சலவை செய்து தருவோர் பணித்த ஆய்வு துணிக்கும் சாதகமாக அமைந்தன. எந்தக் கட்டங்களைக் கணக்கில் சேர்ப்பது என்னும் எல்லையையும் அனுமானங்களையும் அவரவரே வகுத்ததால் வந்த முரண் இது. 1991இல் அமெரிக்காவின் பதினொரு மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்கள், பொதுவான முறை உருவாகும்வரை இத்தகைய முடிவுகளை விளம்பரத்திற்குப் பயன்படுத்தலாகாது என்று அறிவித்தனர். இதன்பின் செட்டாக் என்னும் சுற்றுச்சூழல் நச்சியல், வேதியியல் சங்கம் 1993இல் நடைமுறை நெறியொன்றை வெளியிட்டது. 1997இல் ஐஎஸ்ஓ 14040 என்னும் பன்னாட்டுத் தரவிதி வந்தது. நோக்கத்தையும் எல்லையையும் வகுத்தல், உள்வருவதையும் வெளியேறுவதையும் பட்டியலிடல், தாக்கத்தை மதிப்பிடல், முடிவுகளை விளக்குதல் என்று பணி நான்கு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பொருள் மற்றொன்றைவிட மேலானதெனப் பொதுவெளியில் கூற முற்படுவோர், ஆய்வைப் பிறர் சரிபார்க்க உட்படுத்துவதும் கட்டாயமாயிற்று.

இவ்விதிகள் எந்தப் பொருள் சிறந்தது என்று தீர்ப்பளிப்பதில்லை. எந்த அனுமானத்தின்மேல் தீர்ப்பு நிற்கிறது என்பதை வெளிப்படுத்தச் செய்கின்றன. பிரிட்டன் அரசு 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, இரண்டரை ஆண்டுகளில் ஒரு குழந்தைக்கு எறியும் டயாப்பரால் ஏறத்தாழ 550 கிலோவும் துணி டயாப்பரால் 570 கிலோவும் கரியமில வாயுவுக்கு ஈடான மாசு வெளியேறுகிறது. துணியை இயந்திரத்தில் உலர்த்தாமல் கொடியில் காயவிட்டு, சலவை இயந்திரத்தை நிறைத்து ஓட்டி, அதையே அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால் துணியின் கணக்கு சுமார் 40 விழுக்காடு குறைகிறது. இருபது கிலோ வேறுபாட்டை மட்டும் எடுத்துக்காட்டி விளம்பரம் செய்வோர் மறைக்கக்கூடியதும், தரவிதி மறைக்க விடாததும் இந்த நிபந்தனைகளைத்தான்.