பழைய டிராக்டரின் பெயரெழுத்து



கோவிலம்பாக்கம், மேடவாக்கம் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் பாய்ந்து நெல் விளைந்த பூமி. இன்று பெரும்பாலும் வீட்டு மனை. நிலம் போன பிறகும், அதை உழுத டிராக்டரை விற்க மனசு வராமல் கொட்டகையில் வைத்திருப்பவர்கள் உண்டு. அதைப் புதுப்பிக்கும்போது பெயிண்டர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், பானட்டில் மங்கிக் கிடக்கும் பெயரும் போயிடும். வண்டியின் சரித்திரமே அந்தப் பெயரில்தாங்க இருக்கு.

எப்படி என்று கேட்பீர்கள். கலப்பையை மூன்று இடத்தில் பிணைத்து, ஹைட்ராலிக் விசையால் தூக்கி இறக்கும் முறையைக் கொண்டுவந்தவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை அவர் பெயர் தாங்கிய டி.இ. 20 டிராக்டர்கள் 5 லட்சத்துக்கும் மேல் தயாராயின. எல்லாம் சாம்பல் நிறம். 1953ல் அவர் கம்பெனி கனடாவின் மாசி ஹாரிசுடன் இணைந்தது. 1956ல் வந்த பெர்குசன் 35க்கும் சாம்பல் நிறத் தகடுதான். எஞ்சின் மட்டும் செம்பொன் நிறம். 1957 முடிவில் அதே 35, சிவப்பு பானட்டுடன் மாசி பெர்குசன் ஆனது. 1960ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம், செம்பியத்தில் மாசி பெர்குசன் டிராக்டர்களைத் தயாரித்தது.

ஆகவே நிறம், பெயர், ஊர் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வண்டியின் காலம் ஓரளவு தெரிந்துவிடும். செம்பியத்தில் பிறந்த வண்டிக்குக் கவென்ட்ரி வண்டியின் ஸ்டிக்கரை ஒட்டினால் பார்க்க அழகாக இருக்கலாம்; ஆனால் அது பொய் சொல்லும். நாளைக்கு வாங்குகிறவரும் ஏமாந்துபோவார்.

சரியான ஸ்டிக்கருக்கு வழி என்ன? முதலில் சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். பெட்ரோல், தின்னர் வேண்டாம். ஸ்டிக்கர் உதிர்ந்திருந்தாலும், வெயில் படாத அந்த இடத்தில் பெயிண்ட் அவ்வளவாக வெளுத்திருக்காது; எழுத்தின் உருவம் தெரியும். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் போட்டோ எடுங்கள். ட்ரேசிங் காகிதத்தில் எழுத்தைப் படி எடுங்கள். பானட்டின் ஓரத்திலிருந்து எத்தனை அங்குலம் தள்ளி இருக்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பாதி எழுத்துதான் மிஞ்சியிருந்தால், அதே ரகம், அதே வருஷத்து வண்டி வேறு எங்கே இருக்கு என்று பழைய மெக்கானிக்கைக் கேளுங்கள். வீட்டில் இருக்கும் பழைய போட்டோவும் கைப்புத்தகமும் உதவும். இந்த அளவுகளைக் கொடுத்தால் ஸ்டிக்கர் வெட்டுகிற கடையில் செய்து தருவார்கள்.

ஒரு எச்சரிக்கை. கம்பெனித் தகட்டையும், சேசிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் தேய்க்கவோ புதிதாக அடிக்கவோ கூடாது. அவை ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

பெயிண்ட் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். தேய்த்த எழுத்து திரும்ப வராதுங்க. படி எடுத்துவிட்டு அப்புறம் பெயிண்டரைக் கூப்பிடுங்கள்.