கரிந்த தானியத்தின் சாட்சியம்

இஸ்லாமிய நாகரிகம் உலகிற்கு அளித்த கொடைகளைப் பட்டியலிடும்போது, மருத்துவம், வானியல், கணிதம் ஆகியவற்றோடு நாம் பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறோம். வேளாண்மையைப் பற்றிப் பேசுவது குறைவு. பேசினாலும், அந்தலூஸின் பழத்தோட்டங்களைப் புகழும் சில வரிகளோடு அப்பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் வரலாற்றறிஞர்களிடையே இத்துறை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகக் கடும் விவாதத்திற்கு உரியதாக இருந்து வருகிறது. அந்த விவாதத்தில் அண்மைக் காலத்தில் ஒரு புதிய சாட்சி வந்து நிற்கிறது. அச்சாட்சி என்ன சொல்கிறது, எதைச் சொல்ல இயலாது என்பதை இங்கு நாம் காண்போம்.

விவாதத்தைத் தொடங்கி வைத்தவர் டொரன்டோ பல்கலைக்கழகப் பொருளாதார வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ வாட்சன். 1974இல் ஒரு கட்டுரையிலும், 1983இல் விரிவான நூலொன்றிலும் அவர் தம் கருத்தை முன்வைத்தார். கி.பி. 700க்கும் 1100க்கும் இடைப்பட்ட காலத்தில் நெல், சோளம், கரும்பு, பருத்தி, கத்தரி, கீரை, எலுமிச்சை, வாழை உள்ளிட்ட 18 பயிர்கள் இஸ்லாமிய உலகெங்கும் பரவின என்பது அவர் கூற்று. இவற்றுள் பலவும் இந்தியாவிலிருந்து மேற்கே சென்றவை. மத்தியதரைக் கடற்பகுதியில் கோதுமையும் பார்லியும் குளிர்கால மழையை நம்பி விளைபவை. கோடையில் நிலம் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும். புதிய பயிர்களோ வெப்பத்தை விரும்புபவை. பாசனம் கிடைத்தால் கோடையிலும் விளையும். இதனால் நிலத்தின் பயன் பெருகியது, நகரங்களும் பெருகின. இதனையே அவர் ஒரு வேளாண் புரட்சி என்றார்.

மறுப்புகள் எழாமல் இல்லை. மைக்கேல் டெக்கர் 2009இல் எழுதிய ஆய்வில், பருத்தி, நெல், கடுங்கோதுமை முதலியவை இஸ்லாத்தின் வருகைக்கு முன்னரே அப்பகுதிகளில் அறியப்பட்டிருந்தன என எடுத்துக்காட்டினார். எனினும் புதிய பயிர்களின் வரவை மண்ணும் ஓரளவு உறுதி செய்கிறது. செங்கடற்கரையில் உள்ள குஸைர் அல்-கதீம் துறைமுகம் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளால் நமக்கு முன்பே அறிமுகமானது. அங்கே ரோமானியர் கால அடுக்குகளில் காணப்படாத கரும்பு, வாழை, கத்தரி, சேம்பு ஆகியவற்றின் எச்சங்கள் இஸ்லாமியக் கால அடுக்குகளில் கிடைத்துள்ளன.

ஒரு பயிர் ஓரிடத்தில் இருந்தது என்பதற்கு விதை போதுமான சான்றாகும். அதனை எளிய மக்கள் உண்டார்களா, அது எத்தகைய நிலத்தில் விளைந்தது, அந்நிலத்திற்கு நீரும் எருவும் கிடைத்தனவா என்பவற்றை விதையின் வடிவம் சொல்லாது. அவற்றை அதன் அணுக்கள் சொல்லக்கூடும்.

அணுக்கள் கூறும் செய்தி

கார்பன் அணுக்கள் அனைத்தும் ஒரே எடை உடையவை அல்ல. நூற்றில் ஏறத்தாழ 1.1 பங்கு சற்றுக் கனமானது. அதனைக் கார்பன்-13 என்பர். நைட்ரஜனிலும் 0.37 விழுக்காடு கனமான நைட்ரஜன்-15 ஆகும். இவை கதிரியக்கத்தால் சிதைவதில்லை. எனவே நிலைத்த ஐசோடோப்புகள் எனப்படுகின்றன. ஆயிரம் ஆண்டுகள் மண்ணில் கிடந்தாலும் இவை காலத்தால் சிதைந்து குறைவதில்லை.

ஒளிச்சேர்க்கையின்போது கோதுமை, பார்லி, நெல், பருப்பு வகைகள் கனமான கார்பனைப் பெரிதும் ஒதுக்கிவிடுகின்றன. சோளம், கம்பு, தினை, கரும்பு ஆகியவை அவ்வளவாக ஒதுக்குவதில்லை. உலகப் பொது அளவுகோலோடு ஒப்பிட, முதல் வகையில் கார்பன்-13இன் விகிதம் ஆயிரத்திற்குச் சுமார் 26 பங்கு குறைவாகவும், இரண்டாம் வகையில் சுமார் 12 பங்கு மட்டுமே குறைவாகவும் இருக்கும். உண்டவரின் எலும்பிலும் இவ்வேறுபாடு பதிகிறது. 1977இல் வோகலும் வான் டெர் மெர்வேயும் அமெரிக்காவின் நியூயார்க் பகுதியில் மக்காச்சோளத்தின் வரவை இம்முறையால் கண்டறிந்தனர்.

தானியத்தில் இன்னும் நுண்ணிய செய்தியும் உண்டு. நீர் குறைந்தால் கோதுமைப் பயிர் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. உள்ளே அகப்பட்ட காற்றிலிருந்தே கார்பனை எடுக்க நேர்வதால் கனமான அணுக்களையும் அது ஏற்றுக்கொள்கிறது. ஆகவே கதிர் முற்றும் பருவத்தில் பயிருக்கு நீர் கிடைத்ததா என்பது மணியிலேயே பதிந்துவிடுகிறது. அதேபோன்று, கால்நடை எருவிலிருந்து இலேசான நைட்ரஜன் அம்மோனியாவாகக் காற்றில் கலந்துவிட, கனமானது மண்ணில் மிகுகிறது. எருவிட்ட வயலின் தானியத்தில் நைட்ரஜன்-15 கூடுதலாக இருப்பதற்குக் காரணம் இதுவே. 1840களிலிருந்து ஆண்டுதோறும் எருவிடப்பட்டு வரும் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு வயல்கள் இதற்குத் தெளிவான சான்றளித்தன. அடுப்பிலோ தீவிபத்திலோ கரிந்துபோன தானியத்திலும் இவ்விகிதங்கள் பெரிதும் மாறுவதில்லை.

ஆனால் ஐரோப்பாவின் அளவை வறண்ட நாடுகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. மழை குறைந்த மண்ணில் எரு இடாமலேயே நைட்ரஜன்-15 உயர்ந்திருக்கும். இச்சிக்கலைத் தீர்க்க ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர்களான எமி போகார்டு, எமி ஸ்டைரிங் ஆகியோரின் குழுவினர் மொராக்கோவை நாடினர். அங்குப் பாலைவனச் சோலைகளிலும் மானாவாரி நிலங்களிலும் பழைய முறையில் பயிரிட்டு வந்த உழவர்களின் தானியங்களை அளந்து ஓர் உரைகல்லை உருவாக்கினர். அதன் துணையோடு சிரியாவின் டெல் பிராக் முதலிய தொல்லிடங்களின் தானியங்களை ஆராய்ந்து, 2017இல் முடிவை வெளியிட்டனர். வட மெசொப்பொத்தேமியாவின் நகரங்கள் வளர வளர, ஒரே நிலத்தில் மேலும் எருவைக் கொட்டுவதற்கு மாறாக, குறைந்த எருவுடன் பரந்த நிலத்தை உழுது தம் உணவைத் தேடிக்கொண்டன என்பதே அம்முடிவு. உலகின் தொன்மையான நகரங்களின் வரலாற்றைப் படிக்க மொராக்கோ நாட்டு முஸ்லிம் உழவர்களின் கைப்பழக்கம் திறவுகோலாயிற்று என்பது நாம் எண்ணி மகிழத்தக்கது.

நூலும் வயலும்

இனி அந்தலூஸிற்கு வருவோம். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில், அதாவது கி.பி. 11ஆம் நூற்றாண்டில், துலைதுலாவில் வாழ்ந்த இப்னு பஸ்ஸால் மண்ணின் வகைகளையும் எருவின் வகைகளையும் தம் நூலில் பிரித்து விளக்கினார். அடுத்த நூற்றாண்டில் இஷ்பீலியாவின் இப்னுல் அவ்வாம் 'கிதாபுல் ஃபிலாஹா'வில் முன்னோரின் அறிவையெல்லாம் தொகுத்தார். 1802இல் ஸ்பானிய மொழியில் பெயர்க்கப்படும் அளவிற்கு அந்நூல் பயன் மிகுந்ததாகக் கருதப்பட்டது.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சி நிற்கிறது. இப்னு பஸ்ஸால் சுல்தானின் தோட்டத்தைப் பேணியவர். அவர் எழுதியதைக் கிராமத்து உழவன் கைக்கொண்டானா? இதற்கு நூல்களால் மட்டும் விடை கூற இயலாது. அக்காலத் தானியக் குழிகளிலும் அடுப்படிகளிலும் கிடைக்கும் கரிந்த மணிகளை ஆராய்ந்தால், எருவும் நீரும் அரண்மனை மதிலைத் தாண்டினவா என்பது தெரியவரும்.

எலும்புகள் கூறிய செய்தி ஒன்றும் உண்டு. ஸ்பெயினின் வலென்சியா பகுதியில் உள்ள காந்தியாவில், 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 16ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்த முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் ஆகிய இரு சாராரின் எலும்புகளையும் மிஷேல் அலெக்சாண்டர் முதலியோர் ஒப்பிட்டு 2015இல் ஆய்வை வெளியிட்டனர். சோளம், தினை வகையைச் சார்ந்த உணவின் அடையாளம் முஸ்லிம்களிடமே கூடுதலாக இருந்தது. இவர்கள் கிறிஸ்தவ அரசின் கீழ் குடிகளாக வாழ்ந்த முதேஜர்கள். 1525இல் கட்டாய மதமாற்ற ஆணைக்கு உள்ளாகி, 1609இல் தொடங்கிய வெளியேற்றத்தில் மண்ணையே இழந்தவர்களின் முன்னோர்கள்.

இச்செய்தியை நாம் எப்படிப் படிப்பது? முன்னோர் கொணர்ந்த பயிரை அவர்கள் உரிமையோடு பேணினர் என்று கொள்ளலாம். விளைந்த கோதுமை குத்தகைக்கும் வரிக்கும் போய்விட, எஞ்சிய சோளத்தை உண்டனர் என்றும் கொள்ளலாம். வாட்சனின் பட்டியலில் பெருமையாக ஒளிரும் சோளம், ஏழையின் தட்டில் இயலாமையின் அடையாளமாகவும் இருந்திருக்கக்கூடும். இவ்விரண்டில் எது உண்மை என்பதை அணுக்கள் சொல்லமாட்டா. அவர்கள் நேரே சோளத்தை உண்டனரா, சோளத்தட்டை தின்ற ஆட்டின் இறைச்சியை உண்டனரா என்பதையும் எலும்பு மட்டும் பிரித்துக் காட்டாது. எலும்பின் புரதம் பெரும்பாலும் உண்ட புரதத்தையே காட்டுவதால், காந்தியாவில் புகழ்பெற்றிருந்த கரும்பின் சர்க்கரை அதில் அநேகமாகத் தடயம் விடாது.

இங்கே நம் உள்ளத்தை உறுத்தும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆராயப்பட்டவை நம் சகோதரர்களின் எலும்புகள். இறந்தவரின் எலும்பிற்கும் உயிருள்ளவரின் எலும்பிற்குரிய கண்ணியம் உண்டு என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த பண்பாகும். அறிவைத் தேடுவதும் நம் மார்க்கம் வலியுறுத்தும் கடமையே. இவ்விரண்டும் மோதுகின்ற இடத்தில் தானியத்தின் அருமை விளங்குகிறது. கரிந்த கோதுமை மணிக்குக் கப்ரு இல்லை. உழவனின் உழைப்பை அது எவருடைய கண்ணியத்திற்கும் ஊறின்றிச் சொல்கிறது. கப்ருகளைத் தீண்டும் முன் குப்பைக்குழிகளையும் தானியக் குழிகளையும் தேடுங்கள் என்று ஆய்வாளர்களிடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

ஒரு செய்தியை ஏற்பதற்கு முன் அதனை அறிவித்தவர்களின் வரிசையைத் துருவி ஆராயும் இஸ்னாத் கலையை வளர்த்த சமுதாயம் நாம். நம் பெருமைக்கு உகந்த செய்தி என்பதற்காக வாட்சனின் கருத்தை ஆராயாமல் ஏற்பதும், மறுப்புரை கேட்டவுடன் மனம் சோர்வதும் அந்த மரபிற்கு ஏற்றவை அல்ல. பெயரில்லாத ஓர் உழவன் தன் வயலுக்குச் சுமந்த எருவும், இறைத்த நீரும் ஒரு மணித் தானியத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. சுல்தான்களின் வரலாற்றை நாம் நிறையப் படித்துவிட்டோம். அவனுடைய வரலாற்றையும் படிக்கும் காலம் வந்திருக்கிறது.