ஒரு பள்ளத்தாக்கு நரகமான கதை

எருசலேமின் பழைய நகரை விட்டுத் தெற்கே இறங்கினால் ஒரு பள்ளத்தாக்கு வரும். இன்று அங்கே புல்லும் மரங்களும். எபிரேயத்தில் அதன் பெயர் கே-இன்னோம், இன்னோமின் பள்ளத்தாக்கு. அந்தப் பெயர் அரமேயம் வழியாகக் கிரேக்கத்துக்குப் போய் 'கெஹென்னா' ஆனது. நம் வேதாகமத்தில் அதை 'நரகம்' என்று வாசிக்கிறோம். அந்த இடப்பெயர் மறைந்துபோனது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

ஏனென்றால் அங்கே முதலில் தீ மூட்டியவர்கள் மனிதர்கள். அந்தப் பள்ளத்தாக்கில் இருந்த தோப்பேத் என்ற பலிமேடையில் யூதா மக்கள் பெற்ற பிள்ளைகளையே நெருப்புக்குக் கொடுத்தார்கள். ஆகாஸ், மனாசே என்ற இரண்டு ராஜாக்களும் அதைச் செய்தார்கள். யோசியா ராஜா அந்த மேடையைத் தீட்டுப்படுத்தி வழக்கத்தை ஒழிக்கப் பார்த்தான். எரேமியா தீர்க்கதரிசி மூப்பர்களை அங்கேயே அழைத்துப்போய், அவர்கள் கண்ணெதிரே ஒரு மண்கலயத்தைப் போட்டு உடைத்தார். கடவுள் இந்தப் பலியைக் கேட்கவுமில்லை, மனதில் நினைக்கவுமில்லை. இனி இது சங்காரப் பள்ளத்தாக்கு என்றார்.

யாரும் செவிகொடுக்கவில்லை. ஒரு குளிர்காலத்தில் யோயாக்கீம் ராஜா கணப்பின்முன் உட்கார்ந்திருந்தான். எரேமியா சொல்லச் சொல்ல அவருடைய எழுத்தர் பாருக்கு எழுதிய சுருளை அவனுக்கு வாசித்துக் காட்டினார்கள். மூன்று நான்கு பத்தி முடிந்ததும் அந்தத் துண்டு கத்தியால் அறுபட்டுத் தணலில் விழுந்தது. அடுத்த துண்டு, அடுத்த துண்டு. சுருள் முழுவதும் சாம்பல். எரேமியா மறுபடி சொல்லி எழுதவைத்தார், முன்னைவிட அதிகமாக. கி.மு. 586 வாக்கில் பாபிலோன் படை நகரத்தையே கொளுத்தியது.

பல நூற்றாண்டுகள் கழித்து, அந்த நினைவு ஆறாத மக்களிடம்தான் இயேசு பேசினார். சுவிசேஷங்களில் 11 முறை அவர் வாயில் கெஹென்னா என்ற இந்தச் சொல் வருகிறது. மத்தேயு 23-இல் அதைக் கேட்டவர்கள் யார் என்று பாருங்கள்: தீர்க்கதரிசிகளுக்குக் கல்லறை கட்டி அலங்கரித்துக்கொண்டே, அவர்கள் சொன்னதைத் தள்ளிவிட்ட வேதபாரகரும் பரிசேயரும். அவர்கள் நடந்தே போய்ப் பார்த்துவிடக்கூடிய பள்ளம் அது.

அங்கே ஊர்க் குப்பை ஓயாமல் எரிந்துகொண்டிருந்தது என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அந்தச் செய்தி 1200 வாக்கில் யூத உரையாசிரியர் தாவீது கிம்கியின் எழுத்தில்தான் முதன்முதலில் தென்படுகிறது. அகழாய்வு அதற்குச் சான்று தரவில்லை.

அகழாய்வு தந்தது வேறொன்று. 1979-இல் கபிரியேல் பார்க்காய் குழுவினர் இதே பள்ளத்தாக்கின் மேட்டில் ஒரு பழைய கல்லறையைத் தோண்டினார்கள். இரண்டு சின்ன வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. எரேமியாவின் காலத்தை ஒட்டியவை என்கிறார்கள். பொறுமையாக விரித்துப் பார்த்தபோது, அவற்றில் கீறியிருந்தது ஆசாரியர் கூறும் ஆசீர்வாதம்.