புற்றல்லாத மூளைக் கட்டிகள்: மரபணுவும் அறுவைக்குப் பிந்தைய நிலையும்

மெல்ல வளர்ந்து, மூளைத் திசுவை ஊடுருவாமல் பெரும்பாலும் அழுத்தி மட்டுமே தொல்லை தரும் கட்டிகளைப் புற்றல்லாதவை என்கிறோம். மூளை உறையில் தோன்றும் மெனிஞ்சியோமா, செவி நரம்பின் உறையில் தோன்றும் ஷ்வானோமா, பிட்யூட்டரிச் சுரப்பிக் கட்டி ஆகியவை இவற்றில் முக்கியமானவை. மண்டையோட்டுக்குள் இடம் குறைவு என்பதால், ‘சாதாரணக் கட்டிதான்’ என்று எல்லாவற்றையும் ஆறப்போட முடியாது.

கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்துக் கல்லாவி போன்ற ஊர்க்காரர்களுக்கு இக்கட்டிகளை அகற்றும் அறுவைக்கு இரண்டு திசைகள் உண்டு. ஓசூர் வழியே எல்லை தாண்டினால் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை. இந்தப் பக்கம் வேலூர் சி.எம்.சி. இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் தொடங்கியது வேலூரில்தான். மறு ஆண்டே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி அதே பணியைத் தொடங்கினார்.

‘இது பரம்பரையா? சொந்தத்தில் கட்டிக்கொடுத்ததால் வந்ததா?’ அக்காள் மகளைக் கட்டும் வழக்கமுள்ள இப்பகுதியில் இந்தக் கேள்வி இயல்பானது. பெரும்பாலோருக்கு இரண்டுக்குமே பதில், இல்லை. மரபணு மாற்றம் கட்டியின் செல்களில் மட்டும் வாழ்நாளின் நடுவில் ஏற்படுகிறது. ரத்தத்திலோ பிள்ளைகளிடமோ அது இருக்காது. விதிவிலக்கு, 22-ஆம் குரோமோசோமில் உள்ள என்.எஃப்.2 மரபணு பிறவியிலேயே பழுதானவர்கள். இரு காதிலும் ஷ்வானோமா வருவது அதன் முத்திரை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுது வந்தாலே போதும் என்பதால் இதற்கும் உறவுத் திருமணத்துக்கும் தொடர்பில்லை. இவர்களின் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 50 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு. ஆனால் நோயுள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இது இருந்திருக்காது. பழுது அவர்களிடமே புதிதாகத் தொடங்கியிருக்கும்.

என்.எஃப்.2 மரபணு 1993-ல் அடையாளம் காணப்பட்டது. பரம்பரையாக வராத மெனிஞ்சியோமாக்களிலும் ஏறத்தாழ பாதியில் இதே மரபணுதான் கெட்டிருக்கிறது. மீதியில் பலவற்றுக்கு டிராஃப்7, ஏகேடி1, கேஎல்எஃப்4, எஸ்எம்ஓ ஆகிய மரபணுக்கள் காரணம் என்று 2013-ல் தெரியவந்தது. இம்மரபணு மாற்றமுள்ள கட்டிகள் மண்டையோட்டின் அடித்தளத்தில் அதிகம் வளர்பவை, பெரும்பாலும் சாதுவானவை.

அறுவைக்குப் பின் நிலைமை எப்படி இருக்கும் என்பதற்குப் பழைய அளவுகோல் இன்னும் செல்லுபடியாகிறது. கட்டியோடு அது ஒட்டியிருந்த உறையையும் பாதித்த எலும்பையும் எடுத்தவர்களில் 9 சதவீதத்தினருக்கும், பாதியில் நிறுத்த வேண்டிவந்தவர்களில் 44 சதவீதத்தினருக்கும் கட்டி திரும்பியது என்று டொனால்ட் சிம்ப்சன் 1957-ல் எழுதினார். அன்று எம்.ஆர்.ஐ. கிடையாது; எண்களைவிட அவை காட்டும் திசையே முக்கியம். பார்வை நரம்பையோ பெரிய ரத்தக் குழாயையோ கவ்வியிருக்கும் கட்டியில் கொஞ்சம் விட்டுவைப்பது அறுவை மருத்துவரின் தோல்வி அல்ல, நிதானம். மிச்சத்தைக் கண்காணிக்கலாம், வளர்ந்தால் காமா நைஃப் போன்ற கதிர்வீச்சு தரலாம்.

மரபணு உள்ளே வருவது இங்கேதான். நுண்ணோக்கியில் சாதுவான தரம் 1 போலத் தெரிந்தாலும், டெர்ட் புரோமோட்டர் மாற்றமோ சிடிகேஎன்2ஏ இழப்போ இருந்தால் அந்த மெனிஞ்சியோமாவைத் தீவிரமான தரம் 3 என்றே கொள்ள வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாடு. எல்லாருக்கும் இந்த மரபணுச் சோதனை தேவையில்லை. சீக்கிரம் திரும்பி வளரும் கட்டிக்குத் தேவை. அதற்காக மறுபடி தலையைத் திறக்க வேண்டியதுமில்லை. முதல் அறுவையில் எடுத்த திசு மெழுகில் பதிந்து ‘பிளாக்’ ஆக நோய்க்குறியியல் துறையில் இருக்கும். கேட்டு வாங்கி வேறு ஆய்வகத்தில் கொடுக்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டோடு பயாப்ஸி எண்ணையும் பத்திரப்படுத்துவது இதற்காகவே.

பிட்யூட்டரிக் கட்டியின் கதை வேறு. புரோலாக்டின் சுரக்கும் வகைக்குப் பெரும்பாலும் காபர்கோலின் மாத்திரையே முதல் சிகிச்சை. இளவயதில் பெரிய கட்டியோடு வருபவர்களிடம் ஏஐபி, மென்1 மரபணுக்களைத் தேடுவதுண்டு.

முழுதாக எடுத்த தரம் 1 மெனிஞ்சியோமாவுக்கு முதல் ஐந்தாண்டு வரை ஆண்டுக்கு ஒரு எம்.ஆர்.ஐ., பிறகு இரண்டாண்டுக்கு ஒன்று என்பது பரவலான நடைமுறை. அறுவைக்குப் பின் வலிப்பு மாத்திரை எடுப்பவர்கள் அதை நிறுத்தும் முடிவு மருத்துவருடையது; உடம்பு தேறிவிட்டது என்று தாமாக நிறுத்துபவர்களுக்கு வலிப்பு திரும்பும் ஆபத்து உண்டு.