சுமை இழுத்த என்ஜின்கள்

ரயில் என்றதும் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவது பிரயாணி வண்டியே. சீட்டு வாங்கி ஏறியவர்கள், வழியனுப்ப வந்தவர்கள், ஜன்னலோரத்து இடத்திற்காகச் சண்டையிட்ட சிறுவர்கள் என்று அதற்குச் சாட்சிகள் பலர். சரக்கு வண்டிக்கு அத்தகைய சாட்சிகள் இல்லை. நள்ளிரவில் அது ஊரைக் கடந்து செல்லும். லெவல் கிராசிங்கில் காத்து நிற்போர் அதன் பெட்டிகளை எண்ணிப் பார்த்துச் சலித்துக்கொள்வர். கடைசியில் கார்டு பெட்டியின் சிவப்பு விளக்கு மறைந்ததும் அதனை மறந்தும் விடுவர். ஆயினும் நம் வீட்டுக்குச் சிமெண்டும், வயலுக்கு உரமும், ஆலைக்கு நிலக்கரியும் கொணர்ந்தது அந்த வண்டியே. ரயில்வேயின் வருவாயில் பெரும்பகுதியை ஈட்டித் தருவதும் அதுவே.

இவ்வண்டிகளை இழுத்த பழைய டீசல் என்ஜின்களையும், அவை சென்று நின்ற ஆலைத் தண்டவாளங்களையும் மறவாமல் போற்றி வரும் ஒரு சிறு கூட்டம் நம் நாட்டில் உண்டு. ரயில் அபிமானிகள் என்று எங்களை அழைக்கலாம். பாலத்தின் மீதும் நிலையக் கோடியிலும் நின்று என்ஜின்களின் எண்களை நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டவர்கள் நாங்கள். இது சிறுபிள்ளை விளையாட்டு என்று நகைப்போரும் உளர். அந்த நோட்டுப் புத்தகங்களுக்குச் சரித்திரத்தில் ஏதேனும் இடம் உண்டா என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் பொருள்.

முதற்கண் டீசல் என்ஜின் இந்நாட்டிற்கு வந்த வகையைக் காண்போம். 1955-56-ஆம் ஆண்டுகளில் பிரிட்டனிலிருந்து மீட்டர்கேஜ் டீசல் என்ஜின்கள் இருபது வந்தன. அவற்றைக் கட்சுப் பகுதியின் காந்திதாம் பாதையில் ஓட்டினர். காரணம் எளியது. நீராவி என்ஜினுக்கு நிலக்கரியைப் போலவே தண்ணீரும் உயிர். அவ்வறண்ட பூமியில் மனிதர் குடிப்பதற்கே நீர் அரிது. என்ஜினுக்கு எங்கே செல்வது? தண்ணீர்ப் பஞ்சமே அங்கு டீசலுக்கு வழி திறந்தது.

அகலப் பாதையில் வழி திறந்தது எஃகு. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் 1956-இல் தொடங்கியது. ரூர்கேலாவில் ஜெர்மானியர் துணையுடனும், பிலாயில் சோவியத் துணையுடனும், துர்காபூரில் பிரிட்டிஷார் துணையுடனும் எஃகு ஆலைகள் எழுந்தன. முதலிரண்டு ஆலைகளின் ஊதுலைகளும் 1959-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அடுத்தடுத்த நாட்களில் தொடங்கிவைக்கப்பட்டன. ஒரு டன் எஃகு செய்ய வேண்டுமாயின் தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் என்று பல டன் பொருள்கள் உலை வாயிலுக்கு வந்து சேரவேண்டும். அவ்வளவு சுமையையும் நீராவியால் மட்டும் இழுத்து முடியாது என்பது விரைவில் தெளிவாயிற்று. நீராவி என்ஜின் வழியில் நீர் பிடிக்க நிற்கும். சாம்பல் அள்ள நிற்கும். இரண்டு என்ஜின்கள் பூட்டினால் இரண்டு கோஷ்டி ஆட்கள் வேண்டும். டீசலிலோ பல என்ஜின்களை ஒன்றாக இணைத்து, முன்னால் இருப்பவர் ஒருவரே அனைத்தையும் இயக்க இயலும்.

ஆகவே 1957-58-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஸ்கெனெக்டடி நகரிலிருந்த ஆல்கோ கம்பெனியிடமிருந்து நூறு டீசல் என்ஜின்கள் தருவிக்கப்பட்டன. அவையே டபிள்யூ.டி.எம்.-1 எனப்பட்டவை. இவ்வெழுத்துக்களின் பொருளை அறிந்துகொள்வது நன்று. முதலெழுத்து அகலப் பாதையையும், இரண்டாவது டீசலையும், மூன்றாவதாகிய ‘எம்’ பிரயாணி, சரக்கு என இருவகைக்கும் பொதுவென்பதையும் குறிக்கும். மீட்டர்கேஜ் என்ஜினுக்கு முதலெழுத்து ‘ஒய்’. ஷண்டிங் என்ஜினுக்கு மூன்றாவது எழுத்து ‘எஸ்’. ஊர் ஊராகச் சென்று எண் குறித்த சிறுவர்களுக்கு இதுவே அரிச்சுவடி.

1962-இல் இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளின் என்ஜின்கள் நம் நாட்டில் ஒருங்கே ஓடின. ஆல்கோவின் டபிள்யூ.டி.எம்.-2 ஒன்று, ஜெனரல் மோட்டார்ஸின் டபிள்யூ.டி.எம்.-4 மற்றொன்று. இரண்டும் 2,600 குதிரைத்திறன் உடையவை. பின்னதையே சிறந்ததென்று கூறிய டிரைவர்கள் பலர். 1969-இல் ஹௌராவுக்கும் தில்லிக்கும் இடையே ராஜதானி எக்ஸ்பிரஸ் தொடங்கியபோது அதனை இழுத்ததும் அவ்வகையே. ஆயினும் தயாரிக்கும் முறையை நமக்குக் கற்றுத்தர இசைந்தது ஆல்கோ. எனவே நாடு ஆல்கோவைத் தேர்ந்தது. காசியில் எழுந்த டீசல் என்ஜின் தொழிற்சாலையிலிருந்து 1964-ஆம் ஆண்டு ஜனவரியில் முதல் என்ஜின் வெளிவந்தது. ‘குந்தன்’ என்ற பெயர் பெற்ற 18233 எண்ணுள்ள என்ஜின் அதுவே. அதன் பின் 1998 வரை இவ்வகை என்ஜின்கள் 2,600-க்கு மேல் இந்நாட்டில் ஓடத் தொடங்கின. இதில் ஒரு விந்தை உண்டு. கற்றுக்கொடுத்த ஆல்கோ கம்பெனி 1969-இலேயே மூடப்பட்டுவிட்டது. ஆசான் மறைந்தபின் மாணாக்கன் முப்பது ஆண்டுகள் அந்த வித்தையைத் தொடர்ந்து நடத்தினான்.

இந்த என்ஜின்கள் பட்ட பாட்டைக் காண வேண்டுமாயின் கிழக்கு மலைத்தொடருக்குச் செல்லவேண்டும். பைலாடிலா மலையின் இரும்புத் தாதுவை ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்ய 1960-இல் உடன்பாடு ஏற்பட்டது. அதன் பயனாகக் கிரந்துலிலிருந்து கொத்தவலசை வரை மலையைக் குடைந்து ஒரு பாதை இடப்பட்டது. அப்பாதை ஷிமிலிகுடாவில் ஏறத்தாழ 996 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. அங்கிருந்து தாது நிறைந்த வண்டி, சுரங்கம் சுரங்கமாகப் புகுந்து, கடலோரச் சமவெளியை நோக்கி இறங்கவேண்டும். ஏற்றத்தைக் காட்டிலும் இறக்கமே அஞ்சத்தக்கது என்பதை அங்கு பணியாற்றியோர் அனைவரும் அறிவர்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மின்சாரம் வந்து சேரும் வரை அப்பாதையில் டீசலின் ஆட்சியே நடைபெற்றது. மலைச்சரிவில் நின்று அவ்வண்டிகளை நோக்கிய எங்களவர்க்கு அந்த ஓசை இன்றும் காதில் உள்ளது. ஏறும்போது எழும் முழக்கம் ஒரு வகை. இறங்கும்போது கேட்கும் ஊளை வேறு வகை. இறங்குகையில் சக்கரங்களைச் சுழற்றும் மோட்டார்களே மின்சாரம் பிறப்பிக்கும் இயந்திரங்களாக மாறி வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிறந்த மின்சாரம் என்ஜின் மேலுள்ள கம்பித் தடைகளில் வெப்பமாகிக் காற்றில் கலக்கும். அத்தடைகளைக் குளிர்விக்கும் விசிறியின் ஒலியே அந்த ஊளை.

கரும்புகையைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். ஆல்கோ என்ஜின் புறப்படுகையில் வானத்தில் எழும் கரிய தூணை வியந்து பேசாத அபிமானி இல்லை. அதன் காரணம் இது: டிரைவர் கைப்பிடியைத் திருப்பி, எட்டுப் படிகளில் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஏற்றியவுடன் எண்ணெய் மிகுதியாகப் பாயும். அதனை எரிப்பதற்கு வேண்டிய காற்றைத் திணிக்கும் டர்போ எனும் சுழலியோ, வெளியேறும் புகையின் விசையாலேயே சுழல்வதாதலால், வேகம் கொள்ளச் சிறிது நேரமாகும். அந்த இடைவேளையில் எரியாத கரி புகையாக வெளிவரும். எங்கள் கண்ணுக்கு அது வீரம்; கணக்கெழுதுவோர்க்கு வீணான எண்ணெய்; பாதையோரக் குடிசைவாசிக்கு உலர்த்திய துணிமேல் படியும் கரி. மூன்றும் உண்மையே.

இனி ஆலைத் தண்டவாளங்களுக்கு வருவோம். பிரதான பாதையிலிருந்து பிரிந்து, தொழிற்சாலை மதிற்சுவரின் வாயிலைக் கடந்து, எடை மேடையைத் தாண்டி, ஒரு மண்மேட்டிலோ மரக்கட்டையிலோ முடிவுறும் ஒற்றைத் தண்டவாளத்தைச் சைடிங் என்பர். அதன் தலைப்பில் ஒரு பொறி வைத்திருப்பார்கள். உள்ளே நிற்கும் பெட்டி தானாக உருண்டு பிரதான பாதைக்கு வந்துவிடின், அங்கு செல்லும் வண்டியை மோதாவண்ணம் அதனைத் தடம்புரளச் செய்வதே அப்பொறியின் வேலை. சிறிய விபத்தை ஏற்றுப் பெரிய விபத்தைத் தவிர்க்கும் ஏற்பாடு அது.

பம்பாய்த் துறைமுக ரயில்வே 1915-இல் தொடங்கியது. பஞ்சும் தானியமும் எண்ணெயும் வைத்த கிடங்குகளுக்கெல்லாம் அதன் கிளைகள் சென்றன. நூறாண்டு கண்டபின் அது நின்றது. சர்க்கரை ஆலை, சிமெண்டு ஆலை, பஞ்சாலை, உரக் கிடங்கு என்று நாடெங்கும் இவ்வாறு கிளைகள் பல இருந்தன. குறித்த நேரத்திற்குள் சரக்கை இறக்காவிட்டால் டெமரேஜ் கட்டவேண்டும் என்ற கவலையில் ஆலைக் குமாஸ்தா கடிகாரத்தை நோக்கியபடியே நிற்பார். மூட்டை சுமப்போரின் கூப்பாட்டிற்கிடையே என்ஜின் பெருமூச்சு விட்டபடி காத்து நிற்கும்.

இக்கிளைகள் மறைந்தது ஏன்? லாரி வந்ததால் என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடுவது எங்கள் கூட்டத்தாரின் வழக்கம். அது பாதி உண்மை. மறுபாதி ரயில்வே தானே செய்த முடிவு. முன்னாளில் ஓர் ஆலை ஒன்றிரண்டு பெட்டிச் சரக்கையும் அனுப்பலாம். பெட்டிகள் யார்டில் சேர்க்கப்பட்டு, பிரிக்கப்பட்டு, மீண்டும் சேர்க்கப்பட்டு, பல நாள் கழித்தே ஊர் போய்ச் சேரும். எண்பதுகளின் தொடக்கத்தில் இம்முறை பெரிதும் கைவிடப்பட்டது. ஒரே சரக்கை ஏற்றிய முழு வண்டி, ஏற்றிய இடத்திலிருந்து இறக்கும் இடத்திற்கு நேரே செல்லவேண்டும் என்ற கொள்கை ஓங்கியது. அதனால் பெட்டிகள் விரைந்து திரும்பின. அதே பெட்டிகளைக் கொண்டு மிகுந்த சரக்கு ஏற்ற முடிந்தது. நிலக்கரிக்கும் தாதுவுக்கும் அது நன்மை. ஆனால் முழு வண்டி நிரப்ப இயலாத சிறிய ஆலையின் சைடிங்கில் புல் முளைத்தது. பிறகு 1992-இல் மீட்டர்கேஜை அகலப் பாதையாக்கும் திட்டம் வந்தது. பொன்மலையில் பராமரிக்கப்பட்ட ஒய்.டி.எம்.-4 என்ஜின்கள் பணியாற்றிய தென்னாட்டுப் பாதைகளும் படிப்படியாக அகலமாயின. பிரதான பாதை அகலமானபோது, அகலப்படுத்தப்படாத கிளைகள் துண்டிக்கப்பட்டு நின்றன.

என்ஜின்களின் காலமும் அவ்வாறே முடிந்துவருகிறது. அகலப் பாதைகள் ஏறத்தாழ முழுவதும் இன்று மின்மயமாகிவிட்டன. காசித் தொழிற்சாலை 2020-இல் பெயரிலிருந்த ‘டீசல்’ என்ற சொல்லையும் நீக்கிவிட்டு, பனாரஸ் என்ஜின் தொழிற்சாலை என வழங்கப்பெறுகிறது. 1977-இல் தில்லியில் திறக்கப்பட்ட ரயில் அருங்காட்சியகத்தில் டபிள்யூ.டி.எம்.-1 ஒன்றும், டபிள்யூ.டி.எம்.-4 ஒன்றும் உள்ளன. ஆகவே என்ஜினைப் பற்றி நாம் கவலைகொள்ளத் தேவையில்லை. சைடிங்கையோ எந்த அருங்காட்சியகத்திலும் தூக்கி வைக்க இயலாது. தண்டவாளம் பெயர்க்கப்பட்டு நிலம் கைமாறிய பின், வளைந்து செல்லும் ஒரு சந்தும், இடிந்த மதிலில் காரணமின்றி நிற்கும் ஓர் அகன்ற வாயிலுமே எஞ்சுகின்றன. எந்த ஆண்டில் கடைசி வண்டி வந்தது, என்ன சரக்கு இறங்கியது, எந்த என்ஜின் இழுத்தது என்பதை அறிய, பல இடங்களில் அபிமானியின் நோட்டுப் புத்தகத்தைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. இதுவே நாம் முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை.

ஆனால் அந்த நோட்டுப் புத்தகத்தின் குறையையும் நாங்களே கூறிவிட வேண்டும். அதில் என்ஜின் எண் உண்டு. ஓட்டியவர் பெயர் இல்லை. எந்தக் கொட்டகையைச் சேர்ந்த என்ஜின் என்ற குறிப்பு உண்டு. இரண்டு பெட்டிகளின் நடுவே குனிந்து புகுந்து, கொக்கியைத் தூக்கி மாட்டிய பாயிண்ட்ஸ்மேனைப் பற்றி ஒரு வரி இல்லை. டிரைவர் அவருடைய கைவிளக்கின் அசைவைப் பிழையாகக் கொண்டால், அந்த இடைவெளியே அவருக்கு எமனாகும். மழையிலும் இருளிலும் அந்த வேலை நடந்தது. புகையை வியந்த நாங்கள், அதன் நடுவே நின்றவரைக் கேட்டறியவில்லை. எங்கள் நினைவில் எல்லாம் அழகாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்; நாங்கள் வேலிக்கு இப்புறம் நின்றோம்.

இக்குறையைத் தீர்க்க இன்னும் சிறிது காலம் உண்டு. அறுபதுகளில் அந்த என்ஜின்களைக் கற்ற முதல் தலைமுறையில் பலர் மறைந்துவிட்டனர். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பணிபுரிந்தோர் ஓய்வு பெற்று நம் தெருக்களிலேயே வசிக்கின்றனர். அவர்களிடம் பழைய பணிக் கையேடும், ஒரு விசிலும், சொல்லப்படாத பல செய்திகளும் உள்ளன. நோட்டுப் புத்தகம் வைத்திருப்போர் அதனை எடுத்துக்கொண்டு அவர்களிடம் செல்வாராக. எண்களுக்கு எதிரே வெறுமையாக விடப்பட்ட பக்கத்தில் அப்பெயர்கள் எழுதப்படுமாயின், சரக்கு வண்டிக்கும் சாட்சிகள் கிடைத்தவர்களாவர்.