கோ 205 முதல் மரபணு வரை - ஒரு கரும்பின் கதை

நிலக்கோட்டை என்றதும் எல்லோருக்கும் மல்லிகையும் பூ மார்க்கெட்டும்தான் ஞாபகம் வரும். ஆனால் வைகைத் தண்ணீர் பாயும் இந்தப் பக்கத்தில் கரும்பும் பழகிய பயிர்தான். பக்கத்து அலங்காநல்லூரில் கூட்டுறவு சர்க்கரை ஆலை அமைந்ததும் அதனால்தான். இங்கே கரும்பு விவசாயியிடம் "என்ன ரகம்?" என்று கேட்டால், பெரும்பாலும் "86032" என்று ஒரு நம்பர்தான் பதிலாக வரும். முழுப்பெயர் கோ 86032. அந்த "கோ" வேறொன்றுமில்லை, கோயம்புத்தூர்!

1912-ல் கோவையில் கரும்பு இனப்பெருக்கு நிலையம் தொடங்கப்பட்டது. அப்போது இந்தியா ஜாவாவிலிருந்து ஏராளமாகச் சர்க்கரை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. வட இந்தியக் கரும்பு மெலிந்தது, மகசூலும் குறைவு. கோவையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? இங்கே கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கும். பூ இல்லாமல் ஒட்டு சேர்க்க முடியாதே!

பார்பர் என்ற ஆங்கிலேயரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் இனிப்பான "வெள்ளை" கரும்பை, காட்டுப் புல்லான நாணலோடு சேர்த்தார்கள். அப்படிப் பிறந்த கோ 205, 1918-ல் பஞ்சாப் வயல்களுக்குப் போனது. நாணலிடமிருந்து தாங்கும் சக்தி, கரும்பிடமிருந்து இனிப்பு. 1934-ல் இங்கு வந்த ஜானகி அம்மாள் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார்.

இந்தக் கலப்புதான் பின்னால் விஞ்ஞானிகளுக்குப் பெரிய தலைவலியானது. மனிதனுக்கு 46 குரோமோசோம். இன்றைய கரும்புக்கோ 100-க்கும் மேல்! ஒரே மரபணுவுக்குப் பல பிரதிகள். முழுவதையும் படிப்பது அன்று நடக்காத காரியம். அதனால் ஒரு குறுக்கு வழி பிடித்தார்கள்.

ஒரு செல்லில் எல்லா மரபணுக்களும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. கடையில் நூறு கணக்குப் புத்தகம் இருந்தாலும் இன்று வரவு செலவு எழுதியது நாலைந்தில்தான் என்பதுபோல. வேலை செய்யும் மரபணு ஆர்.என்.ஏ. என்ற நகலை வெளியிடும். அதைப் பிரித்தெடுத்து, மறுபடி டி.என்.ஏ.வாக மாற்றி, ஒரு துண்டைப் படித்தால் போதும், எந்த மரபணு விழித்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இந்தத் துண்டுகளுக்கு ஈ.எஸ்.டி. என்று பெயர். பிரேசில் விஞ்ஞானிகள் வேர், இலை, தண்டு, பூ என்று எடுத்து 2,37,954 துண்டுகளைப் படித்து 2003-ல் வெளியிட்டார்கள். இந்திய விஞ்ஞானிகளும் வறட்சியிலும் செவ்வழுகல் நோயிலும் எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள்.

சரி, இதனால் விவசாயிக்கு என்ன லாபம்? 86032-ஐயே பாருங்கள். 86 என்பது அதற்கு எண் கிடைத்த 1986-ஐக் குறிக்கும். வெளியிடப்பட்டதோ 2000-ல். பதினான்கு வருடம்! நோய் அவ்வளவு நாள் காத்திருக்காது. 2009-ல் வெளிவந்த கோ 0238 உத்தரப் பிரதேசத்தில் பெரும்பாலான கரும்புப் பரப்பைப் பிடித்தது. விவசாயியும் ஆலையும் சந்தோஷப்பட்டார்கள். பிறகு செவ்வழுகல் அதே ரகத்தைத் தாக்கியது. மாநிலமே ஒரே ரகத்தை நம்பியிருந்ததால் நஷ்டமும் பெரிதானது.

தமிழ்நாட்டிலும் 86032-தான் பல வருடங்களாக அதிகப் பரப்பில் இருக்கிறது. நோயைத் தாங்கும் மரபணு எதுவென்று தெரிந்தால், நாற்றிலேயே பரிசோதித்து நல்லதை மட்டும் வளர்க்கலாம், சில வருடங்கள் மிச்சமாகும். 2024-ல் ஆர்570 என்ற கரும்பு ரகத்தின் மரபணுத் தொகுதியே விரிவாகப் படிக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் வயலில் நட்டுப் பார்க்காமல் எந்த ரகமும் வெளியே வராது.

கரணை வாங்கி, உழுது, நட்டு, ஒரு வருடம் காத்திருப்பவர் விவசாயிதான். இப்போதைய ரகம் தளர்வதற்குள் அடுத்தது தயாராக இருந்தால்தான் அவர் போட்ட பணம் திரும்பி வரும்.